நான் ஒளித்து வைத்த டைனமிக்ஸ் புத்தகம்

எண்பதுகளின் நடுவில், நான் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் ஊர் செஞ்சி. கல்லூரி இருந்தது ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் இருந்த வேறொரு ஊரில். அந்த ஊர்ப் பேரும் கல்லூரிப் பேரும் வேண்டாம். தப்பு செய்தவள் நான், கல்லூரியை எதற்குச் சந்திக்கு இழுக்க வேண்டும்?

நான் படித்தது அப்ளைடு மேதமேட்டிக்ஸ். அந்தப் பேர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையாது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா கடைவீதியில் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். வருகிறவர்கள் விசாரித்தால், "பொண்ணு அப்ளிகேசன் போட்டு கணக்கு படிக்குது பாய்" என்பார். நானும் திருத்தவில்லை. எங்கள் சொந்தத்தில் பத்தாவதைத் தாண்டிய பெண் அதுவரை யாரும் இல்லை. பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வந்ததும் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வீட்டுக்கே வந்து பேசியதால் அத்தா அரைமனதாகச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. "காலேஜ்லருந்து உம்மேல ஒரு பேச்சு வரக்கூடாது. வந்தா அன்னைக்கே நிறுத்திடுவேன்." அந்த ஒரு பேச்சுக்காகவே என் அண்ணன் காத்துக்கொண்டிருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும்.

வகுப்பில் முப்பது சொச்சம் பையன்கள், மூன்றே பெண்கள். அதில் செஞ்சி பஸ்ஸில் வருகிறவர்கள் நானும் இன்னொருத்தியும். அவளுக்கு அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு கிராமம். அங்கே காலனியில் வீடு. அவளுடைய நைனாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். காலையில் ஒரு பஸ் பிடித்து செஞ்சிக்கு வந்து, அங்கிருந்து என்னோடு அடுத்த பஸ் ஏறுவாள். யார் முதலில் வருகிறோமோ அவள் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இரண்டு பேருக்கும் இடம் பிடிக்க வேண்டும். அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

அவள் பள்ளியில் முழுக்கத் தமிழில் படித்தவள். ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தாண்ட அவளுக்கு அரை மணி நேரம் ஆகும். ஆனால் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் அவளுக்குச் சொந்தம். நான் அப்படியில்லை. கணக்கின் மாதிரியைப் பார்த்துப் போட்டுவிடுவேன், ஏன் என்று கேட்க மாட்டேன். அவளுக்கு ஏன் என்று தெரியாமல் அடுத்த வரி ஓடாது. உயரத்திலிருந்து வீசிய பொருள் எங்கே விழும் என்று ஒரு கணக்கு வந்தால், புத்தகத்தில் இருக்கிற பேரில்லாத கோபுரம் அவளுக்குப் போதாது. பஸ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "ராஜகிரி கோட்டை உச்சிலருந்து பீரங்கியால சுட்டா குண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருமாடி? இன்னா வேகம் வேணும்?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு டிக்கெட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். கண்டக்டர் சிரிப்பார்.

முதல் வருடம் முழுக்க அவள் முதல் மார்க், நான் இரண்டாவது. எனக்கு அது உறுத்தியது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாம் வருடம் டைனமிக்ஸ், அதாவது இயங்கியல் பேப்பர் இருந்தது. அதை நடத்திக்கொண்டிருந்த லெக்சரர் ஜனவரியில் மாற்றலாகிப் போய்விட்டார். கடைசி இரண்டு அத்தியாயங்களை நடத்த ஆள் இல்லை. அதில் ஒன்று, சூரியனைச் சுற்றுகிற கிரகம் ஏன் அந்தப் பாதையில் போகிறது என்பதை ஒரு சமன்பாட்டில் அடக்கிக் காட்டுகிற அத்தியாயம். பரீட்சையில் பெரிய கேள்விகள் அங்கிருந்துதான் வரும். அது விளக்கமாக இருந்த புத்தகம் கல்லூரி நூலகத்தில் ஒன்றே ஒன்று. சிவப்புக் காலிகோ துணி அட்டை போட்ட தடிமனான வெளிநாட்டுப் புத்தகம். வெளியே கொண்டுபோகக் கூடாது. மேஜை மேல் இருக்கும் நோட்டில் பேர் எழுதி எடுத்து, அங்கேயே உட்கார்ந்து படித்து, திருப்பி வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஜெராக்ஸ் மெஷினெல்லாம் அந்த ஊருக்கு அப்போது வரவில்லை.

வகுப்பு முடிவதற்கும் பஸ் வருவதற்கும் நடுவில் எங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். பாதி நேரம் அவள், பாதி நேரம் நான். பிப்ரவரியில் ஒருநாள் அவள் பேர் எழுதி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் ஊரில் திருவிழா, முந்தின பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "பாத்துட்டு நீயே வச்சிடுடி, கையெழுத்தையும் போட்டுடு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் படித்தேன். பஸ் நேரம் வந்துவிட்டது. அந்தச் சமன்பாடு பாதியில் நின்றது. நாளைக்கு வந்தால் முதலில் எனக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் அவ்வளவுதான் நினைத்தேன், சத்தியம். கடைசி அலமாரியில் கீழ்த்தட்டில் பழைய அரசு கெஜட்டுகளைக் கட்டி வைத்திருப்பார்கள். யாரும் தொடுவதே இல்லை. அதற்குப் பின்னால் புத்தகத்தைச் செருகிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். நோட்டில் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் அவள் தேடினாள். "எங்கடி வச்ச?" என்று கேட்டாள். "மேஜைமேலதான் வச்சேன்" என்றேன். அந்தப் பொய் எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அவள் நம்பிவிட்டாள். "எவனாச்சும் மாத்தி வச்சிருப்பான்" என்று அலமாரி அலமாரியாகத் தேடினாள். நானும் கூடத் தேடினேன். தேடுகிற மாதிரி நடித்தேன் என்று எழுத இன்றைக்கும் கை கூசுகிறது.

ஒரு நாள் பொய், வாரக்கணக்கில் நீண்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் மரத்தடியில் டப்பாவைத் திறக்கும்போது, எனக்கு நோன்பு என்றோ வயிற்று வலி என்றோ சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போவேன். அலமாரிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து படிப்பேன். இரண்டு அத்தியாயங்களும் எனக்குத் தலைகீழ்ப் பாடமாகிவிட்டன.

மார்ச் முதல் வாரம் அவள் பஸ்ஸில் என் மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தாள். "பாண்டிச்சேரி போனேன்டி. அங்க பெரிய லைப்ரரில அதே புக்கு இருக்குது. ரெண்டு சனிக்கிழமை உக்காந்து எழுதிட்டேன். நீயும்தான் அந்தப் புக்கு கெடைக்காம அல்லாடற. எனக்கு எழுதும்போதே மனசுல நின்னுடுச்சு, பரீட்சை வரைக்கும் நீ வச்சிக்கோ."

திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாக அவளுடைய குண்டு கையெழுத்து. படங்களைப் பென்சிலால் போட்டு, புரியாத ஆங்கில வார்த்தைகளுக்கு மேலே சின்னதாகத் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தாள். தனியாக அனுப்ப மாட்டார்கள் என்பதால் அவளுடைய நைனாவும் கூடப் போயிருக்கிறார். இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நூலகத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தேங்ஸ்டி" என்று மட்டும் சொன்னேன். நோட்டைப் பையில் வைத்தேன். அதைத் திரும்பத் திறக்க என்னால் முடியவில்லை.

மார்ச் கடைசியில் நூலகத்தில் வருடாந்திரக் கணக்கெடுப்பு நடந்தது. சிவப்புப் புத்தகம் இல்லை. நோட்டைப் புரட்டியிருக்கிறார்கள். கடைசியாக எடுத்தவள் பேர் இருந்தது, திருப்பி வைத்த கையெழுத்து இல்லை. புத்தகம் வரும் வரை அவளுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று நூலகர் சொல்லிவிட்டார். பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எங்கிட்ட குடுத்தேன்னு சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொல்லல."

"ஏன்?"

"சொன்னா உன்னையும் நிக்க வப்பாங்க. உங்க அத்தாவைக் கூப்புடுவாங்க. உங்க வீட்ல அன்னிக்கே உன்ன நிறுத்திடுவாங்கன்னு நீதான சொன்ன?" என்றாள். "நீ மேஜைமேல வச்ச, கையெழுத்து மறந்துட்ட போல. அதுக்கப்புறம் எவன் எடுத்தானோ. உன்ன சொல்லி இன்னா ஆவப்போவுது?"

எனக்கு அந்த பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தேன். மறுநாள் நூலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய், கெஜட் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்து, கணக்குப் புத்தகங்கள் இருக்கும் தட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டு வந்தேன். புத்தகம் கிடைத்துவிடும், ஹால் டிக்கெட் வந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. வகுப்பில் போய் உட்கார்ந்தபோது வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மத்தியானம் பியூன் வந்து அவளைக் கூப்பிட்டார். திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னாள். நேற்றுக் கணக்கெடுத்தபோது இல்லாத புத்தகம் இன்றைக்கு எப்படி வந்தது? ஹால் டிக்கெட்டை நிறுத்தியதும் பயந்துபோய் அவளே கொண்டுவந்து வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். திருடியதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும், அதில் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும், நாளைக்கே அவரை அழைத்து வர வேண்டும். அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வேறு யார் பேராவது அந்த நோட்டில் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டியிருப்பார்களா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

மறுநாள் காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவளோடு அவளுடைய நைனாவும் நின்றிருந்தார். வெளுத்த சட்டை, தோளில் துண்டு. என்னைப் பார்த்ததும், "சாப்டியாம்மா?" என்று கேட்டார். பஸ்ஸில் எங்களுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, "அந்த நோட்டு உங்கிட்ட இருக்குதாமே. குடும்மா, சார்கிட்ட காட்டலாம். புக்கு இருந்திருந்தா எம்பொண்ணு அம்மாந்தூரம் போயி எதுக்கு எழுதப்போவுது? வெரலெல்லாம் வீங்கிப்போச்சு அதுக்கு" என்றார்.

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அதுவே அவளைக் காப்பாற்றிவிடும் என்று எனக்குள் ஒரு நப்பாசை. நான் வாயைத் திறக்காமலே எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்றுதான் அப்போதும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

துறைத் தலைவர் அறைக்கு அவர்கள் இரண்டு பேரும் போனார்கள். நான் வராந்தாவில் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். கதவு திறந்தே இருந்தது. நூலகர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். சிவப்புப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அதே புக்கு, அதே படம், அதே வரி. இதுக்குத்தான் எடுத்துட்டுப் போயிருக்க. எழுதி முடிச்சதும் கொண்டாந்து வச்சிட்ட. அப்படித்தானே?"

"பாண்டிச்சேரில எழுதினது சார்."

"அதுக்கு யார் சாட்சி?"

அவளுடைய நைனா, "நான்தாங்க சார், நான் வெளியதான் உக்காந்திருந்தேன்" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. "இதோ பாரும்மா, எழுதிக் குடுத்துடு. இதோட முடிச்சிடலாம். பரீட்சை எழுது" என்றார்.

"எடுக்காதத எடுத்தேன்னு எப்படி சார் எழுதறது?"

"எழுதிக் குடுத்துடும்மா" என்றார் நைனா. தோளில் இருந்த துண்டு அவர் கைக்கு வந்திருந்தது. "பரீட்சதான் முக்கியம். எழுதிடு. நா கையெழுத்துப் போடறேன்."

அவள் நைனாவைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். காகிதத்தின் மேலே தேதி எழுதினாள். 'பெறுநர்' என்று எழுத ஆரம்பித்தாள்.

நான் எப்படி உள்ளே போனேன் என்று ஞாபகமில்லை. "சார், புக்கை ஒளிச்சு வச்சது நான்" என்றேன். எங்கே வைத்தேன், எத்தனை நாள் வைத்தேன், நேற்று எப்படித் திரும்ப வைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நூலகர் நம்பவில்லை, தோழிக்காகப் பொய் சொல்கிறேன் என்றார். கடைசி அலமாரிக்கு அழைத்துப் போய் கெஜட் கட்டுகளை இழுத்துக் காட்டினேன். பின்னால் தூசியில் ஒரு புத்தக அளவுக்குச் சுத்தமான இடம் இருந்தது. பக்கத்தில் நான் அடையாளத்துக்குக் கிழித்து வைத்த காகிதத் துண்டுகள், என் கையெழுத்தில்.

"ஏம்மா, இத்தனை நாள் சொல்லாம இப்ப ஏன் சொல்ற?" என்று துறைத் தலைவர் கேட்டார்.

"அவ எழுத ஆரம்பிச்சுட்டா சார்" என்றேன்.

அத்தாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மத்தியான பஸ்ஸில் வந்தார். கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தார், விரலெல்லாம் மெஷின் எண்ணெய். துறைத் தலைவர் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டது ஒரே கேள்விதான். "அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை சீட்டு குடுத்துட்டீங்களா சார்?"

நூலகரே உள்ளே போய் ஹால் டிக்கெட்டை எடுத்து வந்து அவளிடம் கொடுத்தார். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அத்தா நேராக அவளுடைய நைனாவிடம் போனார். "அண்ணே, தப்பு எங்க பக்கம். எம்பொண்ணு உங்க பொண்ணுக்குப் பண்ணது பெரிய துரோகம். நா தல குனிஞ்சு நிக்கிறேன்" என்றார். அத்தா யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நைனா பதறிப்போனார். "உடுங்க பாய், புள்ளைங்க. தெரியாம பண்ணிடுச்சு" என்றார்.

அவள் குறுக்கே வந்தாள். "நீ உட்டுடுவ நைனா. நா உட மாட்டேன்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு என்னிடம் திரும்பினாள். "புக்குக்காக நா ஒன்னும் சொல்ல மாட்டேன்டி. கூடவே தேடின பாரு, அதான்." அவ்வளவுதான். நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். நானும் அத்தாவும் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.

மன்னிப்புக் கடிதம் நான் எழுதினேன், அத்தா கையெழுத்துப் போட்டார். படிப்பு முடிகிற வரைக்கும் நான் நூலகத்துக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு. வீட்டில் அண்ணன் குதித்தான். அத்தா, "பரீட்சை எழுதட்டும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. படிப்பு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஜூனில் கல்லூரி திறக்க நாலு நாள் இருக்கும்போது, மெஷின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே, "பஸ் பாஸ் வாங்கிட்டியா?" என்று கேட்டார். உள்ளே ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

டைனமிக்ஸில் அவள் வகுப்பில் முதல். நான் தேறினேன், அவ்வளவுதான். தலைகீழ்ப் பாடமாக இருந்த அந்தச் சமன்பாடு கேள்வித்தாளில் வந்திருந்தது. என்னால் இரண்டாவது வரிக்கு மேல் போக முடியவில்லை.

மூன்றாம் வருடம் ஒரே பஸ்ஸில் வந்தோம், வேறு வேறு சீட்டில். அவள் பேசவில்லை. நானாகப் போய்ப் பேசவும் எனக்குத் தைரியமில்லை. நூலக நேரத்தில் எல்லோரும் உள்ளே போவார்கள், நான் வெளியே வராந்தாவில் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து வகுப்புக் குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தீபாவளி விடுமுறை முடிந்து வந்த வாரம் என்று நினைக்கிறேன். நியூமரிக்கல் மெத்தட்ஸ் பாடம். ஒரு விடையை ஊகித்து, அதைத் திருத்தித் திருத்திச் சரியான விடைக்குப் போகிற முறை. என் கணக்கு சரியாகாமல் சுற்றிச் சுற்றி வந்தது. தலைக்கு மேலே ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

"மூணாவது வரில மைனஸ உட்டுட்ட."

நிமிர்ந்து பார்த்தேன். புத்தகத்தை ஜன்னல் கட்டையில் விரித்து வைத்துக்கொண்டு உள்ளே நின்றிருந்தாள். என்னைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தபடியே, "படிக்கறேன், எழுதிக்கோ" என்றாள். அவள் படித்தாள், நான் எழுதினேன். அவளுக்கு ஆங்கிலம் தடுக்கிய இடத்தில் நான் அர்த்தம் சொன்னேன். எனக்கு ஏன் என்று புரியாத இடத்தில் அவள் சொன்னாள். அந்த வருடம் முடியும் வரை அந்த ஜன்னலில்தான் நாங்கள் படித்தோம். மன்னித்துவிட்டேன் என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிற்பாடு அவள் மேலே படித்துக் கல்லூரிப் பேராசிரியையானாள். நான் பி.எட். முடித்து முப்பது வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தேன். இப்போதும் எப்போதாவது பேசிக்கொள்கிறோம். பிள்ளைகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி. அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

இதைக் கேட்ட ஒன்றிரண்டு பேர், "கடைசியில் தைரியமாக ஒப்புக்கொண்டாயே" என்று என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு அது கசக்கும். யாருக்கும் தெரியாமல் செய்த தப்பை யாருக்கும் தெரியாமலே சரிசெய்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கு, அந்தத் தப்பை இன்னொருத்தியின் தலையில் கொண்டுபோய் வைத்தது. அதை இறக்கி வைக்க நாலு பேர் முன்னால் என் வாயால் சொல்வதைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை என்பதை, இத்தனை வயதுக்குப் பிறகும் ஒரு தப்பை மூடி மறைக்கத் தோன்றும் ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.